பேப்பர் போடுவதா, பொறுத்திருப்பதா? வேலையை விடும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

இந்தியாவில் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள். விட்டுவிடலாமா, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாமா என்று சில மாதங்களாக மனம் அலைபாய்கிறது. இது உங்களுக்காக எழுதியது. என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் பலருடன் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் வரிசையில்தான் சறுக்குகிறார்கள். முதலில் பேப்பர் போடுகிறார்கள் (ராஜினாமா கொடுக்கிறார்கள்), அப்புறம் கணக்குப் பார்க்கிறார்கள்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வேலை தேடும் படியும் நோட்டீஸ் காலமும் நீளலாம். மற்றவை அவசரமில்லாமல் செய்தாலும் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், படிவம் 16, மருத்துவக் காப்பீட்டு அட்டை, மீதமுள்ள விடுப்புக் கணக்கு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக். இவை எல்லாம் உங்கள் சொந்த மின்னஞ்சலிலோ பென்டிரைவிலோ இருக்க வேண்டும். பேப்பர் போட்ட பிறகு சில நிறுவனங்களில் ஹெச்ஆர் தளத்தின் அனுமதி சீக்கிரமே துண்டிக்கப்படும். அதன் பிறகு ஒரு சம்பளச் சீட்டுக்குக் கூட அலைய வேண்டியிருக்கும்.

உங்களுக்குச் சொந்தமான ஆவணங்களை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், மென்பொருள் நிரல், திட்ட அறிக்கை போன்றவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், ராஜினாமா செய்ய வேண்டியவர் பணிநீக்கத்தில் போய் நிற்க நேரிடும்.

நியமனக் கடிதத்தை இப்போது நிதானமாகப் படியுங்கள். சேரும் நாளில் யாரும் படிப்பதில்லை. நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா, சேரும்போது தந்த போனஸைத் திருப்பிக் கேட்பார்களா, பாண்டு (இத்தனை காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) ஏதாவது உண்டா? இந்த நான்கையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எது தாங்கவில்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள்

‘வேலையே பிடிக்கவில்லை’ என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘இரவு ஷிஃப்ட்டால் தூக்கம் போய்விட்டது’, ‘மூன்று வருடமாக ஒரே சோதனை வேலை, புதிதாக எதுவும் கற்கவில்லை’, ‘மேனேஜர் எல்லோர் முன்பும் மரியாதை இல்லாமல் பேசுகிறார்’. இப்படி எழுத வேண்டும்.

எழுதிய வரியை வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். இது ஒன்று மட்டும் மாறினால் இங்கேயே இருப்பேனா? ‘ஆம்’ என்றால் பிரச்சினை நிறுவனத்துக்குள்ளேயே தீரக்கூடியது. வேறு ஷிஃப்ட், வேறு பிராஜெக்ட், வேறு அணி. ‘இல்லை’ என்றால் அந்த வரி உண்மையான காரணம் இல்லை. இன்னும் கீழே போய்த் தேடி மறுபடி எழுதுங்கள்.

அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) முடிவு வந்த வாரத்திலும், சண்டை போட்ட மறுநாளும் இதை எழுத வேண்டாம். ‘அண்ணா, நாளைக்கே பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன்’ என்று எனக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மூன்று, நான்கு வாரம் தினமும் இரண்டு வரி எழுதி வாருங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதை நம்பலாம். வாரத்துக்கு ஒரு காரணம் வந்தால் பெரும்பாலும் சோர்வுதான். நீண்ட விடுப்பு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

3. காத்திருக்கக் கூடாத நிலையா என்று பாருங்கள்

மேலே சொன்ன ‘மூன்று, நான்கு வாரம்’ எல்லோருக்கும் பொருந்தாது. சில நிலைமைகளில் பொறுமை ஆபத்து.

சம்பளம் தள்ளிப் போவது ஒன்று. அதற்கு முன்பே வரும் எச்சரிக்கை பிஎஃப் பாஸ்புக்கில் தெரியும். ஒரு மாதத்துக்கான பிஎஃப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் மாதக்கணக்காகப் பணம் ஏறவில்லை என்றால், கம்பெனியின் கையிருப்பு வற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தேடலை அன்றே தொடங்குங்கள்.

பாலியல் துன்புறுத்தல் என்றால், முதலில் புகார் பற்றி யோசியுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். சிறிய நிறுவனம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. சத்தமில்லாமல் விலகிவிட்டு ஆறேழு மாதம் கழித்து யோசிப்பவர்களுக்கு இந்தக் கெடு கடந்திருக்கும். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், உடம்பைப் பார்த்து மருத்துவரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றாலும் இதே வேகம்தான். பணம் போதாவிட்டாலும் வெளியேறும் வழியைப் பாருங்கள்.

நிறுவனமே ‘நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுங்கள்’ என்று அறைக்குள் அழைத்துக் கேட்டால் அது வேறு கதை. அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ‘மின்னஞ்சலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேட்கும் உங்கள் வாய்ப்பு பலவீனமாகிவிடும். கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

4. சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓடும்?

இந்தக் கணக்கை மனக்கணக்காகப் போடுபவர்கள் எல்லோரும் குறைத்தே போடுகிறார்கள். காரணம், வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள் நினைவுக்கு வருவதில்லை. வங்கிக் கணக்கின் 12 மாதப் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒரு சென்னைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை 15,000. மளிகை, காய், பால், கேஸ் 12,000. வண்டிக் கடன் 4,500. மின்சாரம், போன், பெட்ரோல் 5,500. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 6,000. சீட்டு 5,000. இவற்றோடு பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 60,000, அதாவது மாதம் 5,000. தீபாவளி, பொங்கல், ஊர்ப் பயணம், மருந்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 36,000, அதாவது மாதம் 3,000. மொத்தம் மாதம் 56,000 ரூபாய். சேமிப்பில் 2,80,000 இருந்தால் சரியாக ஐந்து மாதம்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இன்னும் எடுக்காத சீட்டு என்றால் அது சேமிப்பு, நெருக்கடியில் கழிவு விட்டு ஏலத்தில் எடுக்கலாம். ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டு கடன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள்.

பிஎஃப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தொடர்ச்சியான 5 வருடச் சேவைக்கு முன் எடுத்தால் வரி வரும். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும், பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கழிந்துபோகும்.

கடைசிச் செட்டில்மென்ட் பணத்தையும் உடனே வரும் என்று எண்ணாதீர்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் தரச் சொல்கிறது. இருந்தாலும் வீட்டுக் கணக்கில் ஒரு மாதத் தாமதத்தை வைத்துக்கொள்வதுதான் நல்லது.

எத்தனை மாதம் இருந்தால் போதும்? கையில் வேறு ஆஃபர் இருந்தால் இரண்டு மாதம் போதும். ஆஃபர் இல்லாமல் விலகுவது என்றால், வீட்டில் இன்னொருவர் சம்பாதித்தால் ஆறு மாதம், நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் ஒன்பது மாதம் என்பது என் கணக்கு. இது சட்டமில்லை. ஆனால் மூன்று மாதப் பணத்தோடு விலகியவர்கள் இரண்டாவது மாத முடிவில் பயந்துபோய், முன்பைவிட மோசமான வேலையை ஒப்புக்கொண்டதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

5. தேதிகளைப் பாருங்கள்

பணத்துக்கு அடுத்து காலண்டர். சில வாரம் முன்பின்னாக விலகுவதால் கணிசமான தொகை கைநழுவிப் போகும்.

கிராஜுவிட்டிக்கு (விலகும்போது சேவைக்காக நிறுவனம் தரும் பணிக்கொடை) 5 வருடத் தொடர்ச் சேவை வேண்டும். கணக்கு இதுதான்: கடைசி மாதச் சம்பளம் × 15 ÷ 26 × சேவை வருடங்கள். சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும். 2025 நவம்பர் 21 அன்றே நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, மற்ற அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் இதில் சேரும். கணக்குக்கான சம்பளம் 30,000 என்றால் 5 வருடத்துக்கு 86,538 ரூபாய். நான்கே முக்கால் வருடத்தில் இருப்பவர் இதைக் கவனிக்காமல் போவது சோகம். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் சண்டை இல்லாமல் தந்துவிடுவதில்லை. முடிந்தால் ஐந்து வருடத்தை முழுதாக முடியுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நிறுவனமே நேரடியாக நியமித்தவர்களுக்குப் புதிய தொகுப்பில் ஒரு வருடச் சேவையே போதும்.

அடுத்தது போனஸும் வேரியபிள் சம்பளமும் (வேலைத் திறனைப் பொறுத்து மாறும் பகுதி). பணம் வரும் நாளில் நீங்கள் நோட்டீஸில் இருந்தால் கிடையாது என்று பல நிறுவனங்களின் விதி சொல்கிறது. ஹெச்ஆர் கையேட்டில் அந்த வரியைத் தேடுங்கள்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைக்க, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். புது இடத்தில் சேர்ந்தால் அந்த 80 நாள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நிச்சயமாகியிருக்கிறதா? நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். தனியாக எடுக்கும் பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்து தவிர வேறு எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருப்பு இருக்கலாம். சிகிச்சையை முடித்துவிட்டு விலகுங்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழுவிலிருந்து தனி பாலிசிக்கு மாற முடியுமா என்பதையும் விலகும் முன்பே கேட்டு வையுங்கள்.

வீட்டுக் கடன் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தால், நடுவில் வேலை மாறுவதை வங்கியிடம் மறைக்க முடியாது. கடன் கைக்கு வரட்டும், அல்லது விண்ணப்பத்தைத் தள்ளிப் போடுங்கள்.

தேதிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிராஜுவிட்டிக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போது ‘அது வரட்டும்’ என்று இருப்பவர், அந்த 86,538 ரூபாயை 24-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். மாதம் சுமார் 3,600. அந்தத் தொகைக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்வீர்களா? தீபாவளி போனஸ் முடிந்தால் அப்ரைசல், அப்ரைசல் முடிந்தால் வேரியபிள் என்று தேதிகள் வந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்குள் வரும் தேதிக்கு மட்டும் காத்திருங்கள்.

6. இருக்கும் இடத்திலேயே ஒருமுறை கேளுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். கேட்டால் விலகும் எண்ணத்தைக் காட்டிக்கொடுத்தது போலாகும் என்ற பயம். கேட்காமலே விலகினால், புது இடத்தில் முதல் சிக்கல் வந்ததும் ‘அங்கேயே கேட்டிருக்கலாமோ’ என்ற நினைப்பு பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் படியில் எழுதிய ஒரு வரியை எடுங்கள். அதைத் தீர்க்கும் ஒரே ஒரு கோரிக்கையைத் தேதியோடு கேளுங்கள். ‘சார், ஒன்றரை வருடமாக இரவு ஷிஃப்ட்டில் இருக்கிறேன். உடம்புக்கு முடியவில்லை. அடுத்த காலாண்டிலிருந்து பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்ற முடியுமா? மாத முடிவுக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.’ இவ்வளவு போதும். விலகிவிடுவேன் என்ற மிரட்டல் வேண்டாம். அது வந்துவிட்டால் நீங்கள் இருந்தாலும் உங்களை ‘போகப் போகிறவர்’ என்றே வைத்துப் பார்ப்பார்கள், நல்ல பிராஜெக்ட் உங்கள் பக்கம் வராது.

பேசிய அன்றே நன்றி சொல்லி ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள், கேட்டதையும் தேதியையும் குறிப்பிட்டு. பிறகு பதிலைக் கவனியுங்கள். ‘முடியாது, இன்ன காரணம்’ என்று சொல்பவர் உங்கள் நேரத்தை மதிக்கிறார். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இரண்டு தேதிகள் கடந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

7. வேலையில் இருந்தபடியே வெளியே பாருங்கள்

உங்கள் திறமைக்கு வெளியே என்ன விலை என்று தெரியாமல் இருப்பதா போவதா என்று எடை போட முடியாது. அதனால் முடிவெடுக்கும் முன்பே நேர்காணலுக்குப் போங்கள். நாலைந்து நேர்காணலுக்குள் நிலவரம் தெரிந்துவிடும். ஒன்றிலும் தேறவில்லை என்றால், எதைப் படிக்க வேண்டும் என்பதாவது தெளிவாகும். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே அது தெரிவது நல்லதுதானே.

நௌக்ரி போன்ற தளங்களில் உங்கள் நிறுவனம் உங்கள் விவரத்தைப் பார்க்காதபடி தடுக்கும் வசதி இருக்கிறது. விவரம் ஏற்றும் முன் அதைச் செய்யுங்கள்.

ஐடி துறையில் 90 நாள் நோட்டீஸ் பெரிய தலைவலி. ‘உடனே சேருபவர்தான் வேண்டும்’ என்று கேட்பதால், ஆஃபர் இல்லாமலே பேப்பர் போட்டுவிட்டு நோட்டீஸ் காலத்தில் தேடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். சந்தை நன்றாக இருக்கும்போது இது பலிக்கும். நான்காம் படியில் உங்கள் கணக்கு ஆறு, ஒன்பது மாதம் தாண்டியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் 90 நாளைப் பொறுத்துக்கொள்ளும் நிறுவனம் கிடைக்கும் வரை தேடுங்கள்.

ஆஃபர் வந்ததும் சிடிசி (நிறுவனம் உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். அதில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, காப்பீடு, வேரியபிள் எல்லாம் அடங்கியிருக்கும். மாதம் கையில் வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து கூடுதல் பயணச் செலவையும் வாடகையையும் கழியுங்கள். கோவையிலிருந்து பெங்களூருக்கு ‘40 சதவீத ஹைக்’ என்று போகிறவர், வாடகையையும் வீட்டு அட்வான்ஸையும் கழித்துப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

8. முடிவெடுத்து எழுதி வையுங்கள்

இப்போது உங்களிடம் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: ஒரு வரிக் காரணம், எத்தனை மாதம் ஓடும் என்ற எண், தேதிகள், வெளியே உள்ள விலை. வீட்டில் இவற்றை வைத்துப் பேசுங்கள். ‘விட்டுடப் போறேன்’ என்று தொடங்கினால் அம்மா அழுவார், அப்பா திட்டுவார். ‘ஏழு மாதத்துக்குப் பணம் இருக்கிறது, பள்ளிக் கட்டணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்’ என்று தொடங்கினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

காரணம் திரும்பத் திரும்ப அதுவே, கேட்டும் மாறவில்லை, பணமோ ஆஃபரோ இருக்கிறது என்றால் விலகுங்கள். காரணம் உறுதி, ஆனால் பணமும் ஆஃபரும் இல்லை என்றால், இருந்துகொண்டே சேமியுங்கள், தேடுங்கள். காரணமே நிலையாக இல்லை என்றால் இருங்கள்.

இருப்பது என்றாலும் அதைத் தேதி போட்டு எழுதுங்கள். ‘ஜூன் 30 வரை இருக்கிறேன். அதற்குள் பகல் ஷிஃப்ட் வர வேண்டும், ஒரு கிளவுட் சான்றிதழ் முடிக்க வேண்டும், சேமிப்பு 4 லட்சம் ஆக வேண்டும்.’ அந்தத் தேதி வரை விடலாமா என்ற கேள்வியைத் தினமும் கிளறாதீர்கள். தினமும் கிளறுவதில்தான் பாதி சக்தி போகிறது. தேதி வந்ததும் இரண்டாம் படியிலிருந்து மறுபடி பாருங்கள்.

9. விலகுவது என்றால், இந்த வரிசையில்

புது நிறுவனத்தின் ஆஃபர் கடிதம் கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் சொன்னதும் பேப்பர் போடாதீர்கள். கடிதத்தில் பின்னணிச் சரிபார்ப்பு நிபந்தனை இருந்தால், பழைய வேலைத் தேதிகள், சான்றிதழ்கள் எல்லாம் சொன்னபடி இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டு இருந்தால் தொகையைக் கணக்கில் எடுங்கள். ‘பாண்டு எல்லாம் செல்லாது’ என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்சம் ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அடுத்து மேனேஜரிடம் நேரில் சொல்லுங்கள், அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மின்னஞ்சலில் கடைசி வேலை நாள் தெளிவாக இருக்க வேண்டும். காரணங்களை அடுக்க வேண்டாம், நான்கு வரி போதும். ஏற்றுக்கொண்ட பதிலின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

சம்பளம் ஏற்றித் தருகிறோம், இருங்கள் என்பார்கள். உங்கள் ஒரு வரிக் காரணம் சம்பளமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். மேனேஜரின் பேச்சுதான் காரணம் என்றால், கூடுதல் பணம் வந்த பிறகும் அதே பேச்சைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

நோட்டீஸ் காலத்தில் வேலையை எழுத்தில் ஒப்படையுங்கள். மடிக்கணினி, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். ரிலீவிங் லெட்டரும் (உங்களை முறைப்படி விடுவித்த கடிதம்) அனுபவச் சான்றிதழும் வாங்காமல் விடாதீர்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அடுத்தடுத்த வேலைகளில் எல்லாம் இது கேள்வியாக வரும்.

புது இடத்தில் சேர்ந்ததும் இரண்டு வேலை. முதலாவது வரி. அதே நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தை அதற்கான வரிப் படிவம் மூலம் புது நிறுவனத்திடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக நிலையான கழிவைக் (புதிய வரி முறையில் 75,000 ரூபாய்) கொடுத்து, இருவருமே வரி அடுக்கைக் கீழிருந்து கணக்கிட்டு, வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள். மிச்சத்தை ஜூலையில் வட்டியோடு நீங்கள் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.

இரண்டாவது பிஎஃப். பழைய யூஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கொடுங்கள், பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்ததா என்று தளத்தில் பாருங்கள். அது இல்லாமல் மாற்றம் சிக்கிக்கொள்ளும். அவர்கள் செய்யவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓடிபி மூலம் நீங்களே பதிவு செய்யலாம். விலகிய தேதியும் புது இடத்தில் சேர்ந்த தேதியும் ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி, ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே போடுங்கள்.